தாய்வழியில் ஏழு தலைமுறை: தஞ்சாவூர் பாலசரஸ்வதியின் முன்னோரைத் தேடும் முறை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஆடலிலும் பாடலிலும் வாழ்ந்த முன்னோரைத் தேடப் புறப்படுகிறவர்களில் பலர், தந்தை பெயர், பாட்டனார் பெயர், பூர்வீக ஊர், குலதெய்வம் என்ற வழக்கமான வரிசையில் தொடங்கி, இரண்டாம் தலைமுறையிலேயே வழியற்று நின்றுவிடுகிறார்கள். சான்றுகள் இல்லாததால் அவர்கள் நிற்பதில்லை. தேடும் திசை தவறாக இருப்பதால் நிற்கிறார்கள். சதிர் (பரதநாட்டியத்தின் பழைய பெயர்) ஆடிய, பதம் என்னும் காதற்பாடல்கள் பாடிய, வீணை வாசித்த பெண்களின் வீடுகளில் கலையும் சொத்தும் பெயரும் தாயிடமிருந்து மகளுக்குச் சென்றன. அந்த வீடுகளின் வரலாற்றைத் தந்தைவழியில் எழுத முயன்றால் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு வெற்றிடம் தோன்றும். தாய்வழியில் எழுதினாலோ, தென்னிந்தியாவின் அரச குலங்கள் சிலவற்றுக்கே வாய்த்த நீண்ட தொடர்ச்சி கண்முன் வரும். இதைக் காட்டுவதற்குப் பரதநாட்டியக் கலைஞர் தஞ்சாவூர் பாலசரஸ்வதியின் குடும்பத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இக்குடும்பத்தைப் பற்றிய செய்திகள் பொதுவெளியில் உள்ளவை என்பதால், ஒவ்வொரு கண்ணியையும் எடுத்து, அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று சோதித்துப் பார்க்கவும் முடிகிறது.

குடும்பம் தன்னைப் பற்றிச் சொல்லும் வரலாறு இதுதான். பாலசரஸ்வதி 1918இல் பிறந்து 1984இல் மறைந்தவர். அவருடைய தாய் ஜெயம்மாள் 1890இல் பிறந்த பாடகி. மகளின் நிகழ்ச்சிகளுக்குத் தாமே பாடியவர். ஜெயம்மாளின் தாய் வீணை தனம்மாள் (1867-1938). தனம்மாளின் தாய் சுந்தரம்மாள் வாய்ப்பாட்டில் தேர்ந்தவர்; சுந்தரம்மாளின் தாய் காமாட்சி ஆடலில் புகழ்பெற்றவர். இன்னும் மேலே சென்றால், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தஞ்சை அரண்மனையின் ஆதரவைப் பெற்ற இசைக் கலைஞரும் ஆடற்கலைஞருமான பாப்பம்மாள் வருகிறார். அவரை முதலாமவராகக் கொண்டால் பாலசரஸ்வதி ஏழாம் தலைமுறை. பாலசரஸ்வதியின் மருமகன் டக்ளஸ் நைட் 2010இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு இந்தத் தாய்வழி வரிசையை விரிவாகப் பேசுகிறது.

தேடலின் முதல் தடயம் ஓர் ஒற்றை எழுத்தில் இருக்கிறது. பாலசரஸ்வதி, அவருடைய தம்பியரான மிருதங்கக் கலைஞர் ரங்கநாதன், புல்லாங்குழல் கலைஞர் விஸ்வநாதன், சித்தி காமாட்சியின் மக்களான பிருந்தா, முக்தா, பெரியம்மா லட்சுமிரத்னத்தின் மகன் சங்கரன் ஆகிய அனைவருக்கும் முதலெழுத்து ‘டி’ என்பதே. வெவ்வேறு தந்தையருக்குப் பிறந்தவர்கள் ஒரே முதலெழுத்தைப் பெற்றிருப்பதே, அது தந்தையின் பெயரைக் குறிக்கவில்லை என்பதற்குப் போதிய சான்று. பாலசரஸ்வதியின் தந்தை பெயர் கோவிந்தராஜுலு. ‘டி’ என்பது தஞ்சாவூர். தனம்மாளே சென்னையில் பிறந்தவர் என்பதை நினைத்துப் பார்த்தால், அவருடைய பேரப்பிள்ளைகள் சுமந்த அந்த எழுத்து, குடும்பம் விட்டுவந்த ஊரின் விலாசமாகும். மதுரை சண்முகவடிவு சுப்புலட்சுமியின் பெயரில் முதலெழுத்து ஊரையும் அடுத்த எழுத்து தாயையும் குறிப்பதும் இதே வழக்கத்தின் இன்னொரு வடிவம். அவருடைய தாய் வீணைக் கலைஞர், பாட்டி அக்கம்மாள் வயலின் கலைஞர் என்ற வரிசையை அந்த இரண்டு எழுத்துகளிலிருந்தே தேடத் தொடங்கலாம். தங்கள் வீட்டில் ஒரு பாட்டியின் முதலெழுத்து தாத்தாவின் பெயரோடும் கொள்ளுத்தாத்தாவின் பெயரோடும் பொருந்தாமல் இருக்கக் கண்டவர்கள், அதைப் பதிவாளரின் பிழை என்று ஒதுக்கிவிடாமல், ஊர்ப்பெயராகவோ தாயின் பெயராகவோ வைத்துப் பார்க்க வேண்டும்.

அண்மைத் தலைமுறைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பாலசரஸ்வதி 7 வயதில், 1925இல், காஞ்சிபுரத்தில் அரங்கேறியது, 1973இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றது, 1976இல் சத்யஜித் ராய் அவரைப் பற்றிய ஆவணப்படத்தை எடுத்தது ஆகிய அனைத்துக்கும் அச்சிலும் படச்சுருளிலும் சான்று உண்டு. அவருடைய தம்பியர் இருவரும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர்கள் என்பதால் அங்கும் பதிவுகள் இருக்கின்றன.

தனம்மாளின் தலைமுறையில் ஒரு புதிய வகைச் சான்று நுழைகிறது. அது இசைத்தட்டு. 1930களில் கொலம்பியா நிறுவனம் அவருடைய வீணையைத் தட்டில் பதிவு செய்தது. 78 சுற்றுத் தட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கிறவருக்கு, பாட்டைக் கேட்பதற்கு முன்பே படிக்க வேண்டியவை பல இருக்கும். நடுவிலுள்ள வட்டத்தாளில் கலைஞரின் பெயர், பெரும்பாலும் ஊர்ப்பெயரோடு சேர்த்து அச்சிடப்பட்டிருக்கும். கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று அந்தக் காலத்துப் பெண் கலைஞர்கள் அறியப்பட்டது அப்படித்தான். அதன் கீழே பாட்டின் தொடக்கச் சொற்களும் ராகமும் நிறுவனத்தின் விற்பனை எண்ணும் இருக்கும். தாளுக்கும் கடைசி வரிப்பள்ளத்துக்கும் நடுவே வழவழப்பாக விடப்பட்ட அரக்குப் பகுதியில், விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் மட்டுமே தெரியும்படி இன்னோர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். விற்பனை எண் தட்டு கடைக்கு வந்த வரிசையைச் சொல்கிறது. பொறிக்கப்பட்ட எண் ஒலிப்பதிவு நடந்த வரிசையைச் சொல்கிறது. மறுவெளியீட்டில் முதல் எண் மாறினாலும் இரண்டாவது பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே ஒரு பாட்டி எந்த ஆண்டுவாக்கில் எந்த ஊர்க்காரராக அறியப்பட்டார் என்பதை நிறுவ, குடும்பத்தார் வாய்மொழியைவிட இந்த அரக்குப் பகுதி நம்பகமானது. தட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று வட்டத்தாளை நனைத்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

தனம்மாளுக்கு முந்திய காலத்தில் தட்டு இல்லை, படம் அரிது, பிறப்புப் பதிவை எல்லாருக்கும் எதிர்பார்க்க முடியாது. அவர் பிறந்த இடமாக இன்று எழுதப்படுவது ஜார்ஜ் டவுன். ஆனால் 1867இல் அந்தப் பெயரே கிடையாது. ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடியதை ஒட்டித்தான் அந்தப் பகுதி அப்பெயரைப் பெற்றது. அதுவரை அது பிளாக் டவுன், தமிழில் கறுப்பர் பட்டணம். 19ஆம் நூற்றாண்டின் பத்திரங்களிலும் வழக்குகளிலும் ஜார்ஜ் டவுன் என்று தேடுகிறவருக்கு ஒன்றும் அகப்படாது. தேடலில் ஆளின் பெயரைப் போலவே இடத்தின் பழைய பெயரும் முக்கியம்.

சுந்தரம்மாளுக்கு வரும்போது ஆய்வின் போக்கே மாறுகிறது. அவர் எப்போது பிறந்தார் என்பதற்கு நேரான ஆவணத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. யாரிடம் கற்றார் என்பதே போதிய வெளிச்சம் தருகிறது. அவர், கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடம் பாட்டுக் கற்றவர். சுப்பராய சாஸ்திரி 1803இல் பிறந்து 1862இல் மறைந்தவர். ஆகவே சுந்தரம்மாளின் இசைப்பயிற்சி 1862க்கு முன்பு நடந்திருக்க வேண்டும்; பெரிய வித்துவான் ஒருவர் கீர்த்தனம் சொல்லிக்கொடுக்கும் வயதை அவர் அதற்குள் எட்டியிருக்க வேண்டும். 1867இல் தனம்மாளைப் பெற்ற தாய் என்ற செய்தியோடு இதை இணைத்தால், அவருடைய பிறப்பு 1850க்கு முன்னதாகவே இருக்கும் என்ற முடிவு உறுதிப்படுகிறது. இரண்டு தனித்தனிச் செய்திகள், ஒன்று குரு மரபிலிருந்தும் மற்றது குடும்பத்திலிருந்தும் வந்து, ஒன்றை ஒன்று மறுக்காமல் நிற்கின்றன. இசைக் குடும்பங்களை ஆராய்கிறவர்களுக்கு நான் எப்போதும் வலியுறுத்துவது இதுதான்: நம் இசையுலகம் யாருக்குப் பிறந்தார் என்பதைவிட யாரிடம் பாடம் கேட்டார் என்பதைக் கவனமாகப் பதிவு செய்திருக்கிறது. குருவின் காலம் தெரிந்தால் சீடரின் காலத்துக்கு ஒரு வேலி கிடைத்துவிடும்.

காமாட்சியின் காலம் தஞ்சை அரண்மனையின் கடைசிப் பெரும்பொழுது. மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரையிலும் அவர் மகன் சிவாஜி 1855 வரையிலும் அங்கே இருந்தார்கள். ஆட்சியதிகாரம் பெரும்பாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டாலும் இசைக்கும் ஆடலுக்கும் அளித்த ஆதரவு குறையவில்லை. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வர் சதிர்க் கச்சேரியின் வரிசையை ஒழுங்குபடுத்தியது இந்தக் காலத்தில்தான். அரண்மனை ஆடற்பெண்களின் வேலை சதிரோடு முடிந்துவிடவும் இல்லை. சரபோஜியைத் தலைவனாகக் கொண்டு கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயிலில் நாடகமாக நடிக்கப்பட்டது. குறத்தியாகவும் சிங்கனாகவும் தோழியாகவும் வேடம் கட்டியவர்களை நாடகக் கலைஞர் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? நம் முன்னோரில் நாடகக்காரர் எவரும் இல்லை என்று கருதும் இசைக் குடும்பங்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

1855இல் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் கம்பெனி தஞ்சை அரசையே இல்லாமலாக்கியது. ஆதரவு இழந்த கலைஞர்கள் பல திசைகளில் சிதறினார்கள்; அதற்கு முன்பே வடிவேலு திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாளின் அவைக்கும், சின்னையா மைசூருக்கும் சென்றிருந்தார்கள். காமாட்சியின் ஆடல்வாழ்வு தஞ்சையோடும் அவருடைய பேத்தியின் பிறப்பு சென்னையோடும் இணைந்திருப்பதால், குடும்பத்தின் இடப்பெயர்ச்சி 1867க்குள் முடிந்துவிட்டது என்பது திண்ணம். அரசு ஒழிந்ததே அதற்குக் காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். பொருத்தமான ஊகம் என்றே நினைக்கிறேன்.

இங்கே பெயர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தனம்மாள் தம் மகள் ஒருவருக்குக் காமாட்சி என்று பெயர் வைத்தார். பிருந்தாவையும் முக்தாவையும் பெற்றவர் அவர்தான். பாட்டியின் பெயரைப் பேத்திக்கோ கொள்ளுப்பேத்திக்கோ வைப்பது நம் வழக்கம் என்பதால், மூத்த காமாட்சியைப் பற்றிய வாய்மொழிக்கு இது ஓர் ஆதரவு. அதே வழக்கம் ஆபத்தும் ஆகும். ‘காமாட்சி பாடிய பதம்’ என்று ஒரு குறிப்பு கிடைத்தால் அவர் எந்தக் காமாட்சி என்று கேட்காமல் மேலே போகக் கூடாது. பேரப்பிள்ளைகள் மூவர் ஒரே செய்தியைச் சொன்னாலும் அதை மூன்று சாட்சிகளாக எண்ணக் கூடாது. மூவரும் தனம்மாளின் வாயிலிருந்து கேட்டதாகவே இருந்தால் சாட்சி ஒருவர்தான்.

இனிப் பாப்பம்மாள். தனம்மாளுக்கும் ஜெயம்மாளுக்கும் வயது இடைவெளி 23 ஆண்டு, ஜெயம்மாளுக்கும் பாலசரஸ்வதிக்கும் 28. சராசரியாக 25 ஆண்டு என்று வைத்துப் பின்னோக்கி நடந்தால், சுந்தரம்மாள் 1842ஐ ஒட்டியும், காமாட்சி 1817ஐ ஒட்டியும், அவருடைய தாய் 1792ஐ ஒட்டியும், பாப்பம்மாள் 1767ஐ ஒட்டியும் பிறந்ததாகக் கணக்கு வருகிறது. அப்படியானால் அவர் அரண்மனையில் ஆடியது தஞ்சை மன்னர் துளஜா (1763-1787) ஆட்சியின் இறுதியிலும் அதற்குப் பின்னும்தான். நூற்றாண்டின் நடுப்பகுதியில் அல்ல. குடும்ப வாய்மொழி சொல்வதுபோல் 1750ஐ ஒட்டி 20 வயதுப் பெண்ணாக அவர் அவையில் இருந்திருந்தால், அவருக்கும் தனம்மாளுக்கும் இடையிலுள்ள 137 ஆண்டுகளை நான்கு இடைவெளிகளில் அடக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 34 ஆண்டாகிறது. தாய் பெற்ற மகள் மட்டுமே வாரிசு என்று கொண்டால் இது சற்று நீளம். ஆனால் இந்த வீடுகளில் பெண்குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்துக் கலையையும் வீட்டையும் ஒப்படைக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. நடுவயதில் தத்தெடுத்தால் 34 ஆண்டு இடைவெளி இயல்பானதே. அல்லது, நினைவிலிருந்து ஒரு தலைமுறை நழுவியிருக்கலாம். அந்த வாய்மொழியைப் பொய் என்று தள்ளுவதற்காக நான் இந்தக் கணக்கைப் போடவில்லை. எந்த இடத்தில் ஆவணம் தேட வேண்டும் என்பதைக் கணக்கு சுட்டிக்காட்டிவிடுகிறது.

தாய்வழி, பாட்டிவழி நினைவை அந்தக் காலத்துப் பெண்களே எழுத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. தஞ்சை மன்னர் பிரதாபசிம்மனின் (1739-1763) அவையில் இருந்த முத்துப்பழனி, தெலுங்கில் இயற்றிய ராதிகா சாந்த்வனத்தில், தம் பாட்டியையும் அத்தையையும் கவிஞர்களாக முன்னிறுத்தித் தம் மரபைச் சொல்கிறார். அந்த நூலை 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் மீண்டும் முழுமையாக அச்சிட்டதும், அன்றைய அரசு அதைத் தடைசெய்ததும் தெரிந்த கதை. ஒரு பெண் கலைஞர் 150 ஆண்டு கழித்து இன்னொரு பெண் கலைஞரின் பெயரைக் காப்பாற்றியதை எண்ணும்போது, இந்தத் தேடலில் ஈடுபடுவோருக்கு அதைவிடப் பெரிய முன்மாதிரி வேண்டியதில்லை என்று தோன்றுகிறது.

பாப்பம்மாளின் காலத்துக்கும் காமாட்சியின் காலத்துக்கும் உரிய முதன்மைச் சான்றுகள் தஞ்சை மராட்டியரின் மோடி ஆவணங்கள். மராத்தியை விரைந்து எழுதுவதற்கான அந்த எழுத்தில், அரண்மனையின் அன்றாடக் கணக்குகள் கட்டுக்கட்டாக உள்ளன. சரசுவதி மகால் நூலகத்திலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் அவை காக்கப்படுகின்றன. தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றின் ஒரு பகுதியைத் தமிழாக்கத் தொகுதிகளாகவும் வெளியிட்டிருக்கிறது. சம்பளம், சேலை, சால்வை, அரிசி, திருமணச் செலவு என்று பணம் போன இடமெல்லாம் பெயர் எழுதப்பட்டிருக்கும். கலைஞரைப் பாராட்டுவதற்காக எழுதப்படாதது என்பதாலேயே கணக்குப் புத்தகம் நம்பத்தக்கது. ஆனால் பாப்பம்மாள், காமாட்சி, சுந்தரம் போன்றவை மிகப் பரவலான பெயர்கள். பெயர் மட்டும் பொருந்துவதை வைத்து, ‘கிடைத்துவிட்டார்’ என்று மகிழ்வது பல குடும்ப வரலாறுகளைக் கெடுத்திருக்கிறது. பெயரோடு ஆண்டும், அவர் எந்த நட்டுவனாரின் (ஆடல் ஆசிரியரின்) மேளத்தில், அதாவது ஆடற்குழுவில், இருந்தார் என்பதும், இன்னாரின் மகள் என்ற குறிப்பும் சேர்ந்து வரும்போதே ஒரு பதிவை ஏற்க வேண்டும். ஆண்டைக் கணிப்பதிலும் கவனம் தேவை: சுகூர் சன், சக ஆண்டு, பசலி என்று பல கணக்குகள் கலந்து வரும். சென்னை மாகாணத்துப் பசலியோடு 590ஐக் கூட்டினால் கிறித்தவ ஆண்டின் தொடக்கம் கிடைக்கும். பசலி 1272 என்பது 1862-63.

அரண்மனையை நம்பாமல் கோயிலை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு வேறு வாயில்கள் திறந்திருக்கின்றன. 1858இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன், மானிய நிலம் ஒவ்வொன்றையும் விசாரித்து, அதை யார் அனுபவிக்கிறார், என்ன ஊழியத்துக்காக, முன்பு யார் பெயரில் இருந்தது என்று பதிவேடு தயாரித்தது. ஆடும் பெண்ணின் பெயரும் அவருடைய தாயின் பெயரும் ஒரே வரியில் கிடைக்கக்கூடிய மிகச் சில ஆவணங்களில் அதுவும் ஒன்று. 1929இன் சட்டத் திருத்தம் இந்த நிலங்களைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்தபோது மீண்டும் ஒருமுறை பெயர்கள் எழுதப்பட்டன. சென்னை உயர்நீதிமன்றத்தில் தத்து, பாகப்பிரிவினை குறித்து இப்பெண்கள் நடத்திய வழக்குகளின் தீர்ப்புகளும் உறவுமுறையைத் தெளிவாகக் கூறுகின்றன. சொத்துக்காகச் சண்டையிட்டவர்களின் வம்சாவளி, சண்டையின்றி வாழ்ந்தவர்களின் வம்சாவளியைவிட முழுமையாகப் பதிவாகியிருக்கிறது.

இன்னும் பழைய ஒரு சான்று, பிறப்பையும் ஊழிய உரிமையையும் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தருகிறது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்கள் (கோயில் ஊழியம் செய்த ஆடற்பெண்கள்) 400 பேரின் பெயர்களும், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள் என்பதும், எந்தச் சிறகில் (தெருவின் வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதும் அங்கே கல்லில் இருக்கின்றன. ஒருவருக்கு ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்தாலோ வெளியூர் சென்றாலோ அவருக்கு அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்று ஊழியத்தைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதியில்லையென்றால் தகுதியுள்ளவர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று கல்வெட்டு விதிக்கிறது. ஓர் ஊழியம் இரண்டு பெண்களின் பெயரில் அடுத்தடுத்து வருவதாலேயே அவர்கள் தாயும் மகளும் ஆகிவிடமாட்டார்கள் என்ற எச்சரிக்கையை இதிலிருந்து எல்லாக் காலத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

1947இல் தேவதாசி முறையைத் தடைசெய்த சட்டம் வந்தது. பெண்குழந்தைகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுப் பொட்டுக் கட்டும் கொடுமையிலிருந்து காப்பாற்ற முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் நடத்திய போராட்டத்தின் நியாயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சட்டத்துக்கு முன்னும் பின்னும் இந்தக் குடும்பங்களின் மேல் கவிழ்ந்த இழிவு, அவர்களைத் தங்கள் பாட்டிகளின் பெயர்களையே மறைக்க வைத்தது. பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயர்க் கட்டத்தை நிரப்புவதற்காக உறவுகள் மாற்றிச் சொல்லப்பட்டன. சதங்கையும் புகைப்படமும் பரணுக்கும் பிறகு குப்பைக்கும் போயின. அம்மாவைப் பெற்றவர் தூரத்து அத்தையாக்கப்பட்டார். கரையானும் வெள்ளமும் அழித்த சான்றுகளைவிட வெட்கம் அழித்தவை அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். பாலசரஸ்வதி தம் மரபை ஒருநாளும் மறைக்கவில்லை. அவர் குடும்பத்துக்கு ஏழு தலைமுறை கிடைப்பதற்கும், அதே காலத்தில் அதே கலையைச் செய்த எத்தனையோ குடும்பங்களுக்கு மூன்றுகூடக் கிடைக்காததற்கும் முதல் காரணம் அதுவே.

இந்த வரிசையை வரைபடமாக எழுதும்போது மூன்று வகைக் கோடுகளைப் பயன்படுத்துவது நல்லது: பிறப்புக்கு ஒன்று, தத்துக்கு ஒன்று, குருவுக்கு ஒன்று. பாலசரஸ்வதியிலிருந்து தனம்மாள் வரை பிறப்புக் கோட்டை அழுத்தமாகப் போடலாம். தனம்மாளிலிருந்து சுந்தரம்மாளுக்குச் செல்லும் கோட்டின் அருகில், சுப்பராய சாஸ்திரியிடமிருந்து வரும் குருக் கோடு அதற்கு முட்டுக்கொடுக்கும். பாலசரஸ்வதியின் ஆசான் கந்தப்பப் பிள்ளை வழியாகத் தஞ்சை நால்வருக்குச் செல்லும் குருக் கோடு ஒன்றும் உண்டு. அது இந்தக் குடும்பத்தின் ஆடலை, அவர்கள் விட்டுவந்த அதே அரண்மனையோடு வேறொரு வழியில் இணைக்கிறது. காமாட்சிக்கு மேலே பாப்பம்மாள் வரை புள்ளிக்கோடு. துளஜா காலத்து மோடிக் கணக்கில், ஆண்டோடும் நட்டுவனார் பெயரோடும் ‘இன்னாரின் மகள்’ என்ற குறிப்போடும் ஒரு பாப்பம்மாள் அகப்படும்வரை அந்தப் புள்ளிகளை இணைக்கக் கூடாது.